பின் கேட்டில் கொப்பி இல்லை

எங்கள் லொறி யார்டுக்கு இரண்டு கேட்டுகள். முன் கேட் பாலாவிச் சந்திக்குப் போகும் பெரிய றோட்டைப் பார்த்திருந்தது. அங்கே ஒரு காவல் அறை, ஒரு மேசை, மேசையில் நூலில் கட்டிய பேனையுடன், வந்து போகிற நேரம் எழுத ஒரு கொப்பி. பின் கேட் உப்பளப் பக்கம். அங்கே ஒரு சங்கிலி மட்டும்தான்.

நான் அந்த யார்டில் ஒன்பது வருடம் உப்பு லொறி ஓட்டினேன். உப்பளத்தில் ஏற்றி, சிலாபத்தில் இருந்த ஒரு ஸ்டோரில் இறக்கிவிட்டு, வெறும் லொறியுடன் திரும்பி வருவது. கொழும்புக்கும் அநுராதபுரத்துக்கும் போகிறவர்கள் லொக் புக் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்தேன், எங்கே நிறுத்தினேன், எவ்வளவு நேரம் படுத்தேன் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். எங்களுக்கு அது இல்லை. காலையில் எடுத்த லொறியை அன்றைக்கே அதே யார்டில் கொண்டுவந்து விடுகிற நாங்கள் 'லோக்கல்'. லோக்கல்காரனுக்கு முன் கேட் கொப்பியில் இரண்டு நேரம் போதும்: வந்த நேரம், போன நேரம். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. போன பிறகு பத்து மணித்தியாலமாவது ஓய்வெடுக்க வேண்டும். காவல் அறைச் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள். நல்ல சட்டம். லொறிக்குள் இருந்து பழகிய யாரோதான் அதை எழுதியிருக்க வேண்டும்.

மழைக்கு முந்திய சில வாரங்களில் அந்தச் சட்டம் சுவரோடு நின்றுவிடும். அள்ளிக் குவித்த உப்பு ஒரு பெருமழையில் நனைந்தால் பாதி கரைந்து போகும். அதனால் வானம் கறுக்கத் தொடங்கியதும் யார்டின் சுப்பர்வைசர் பின்னேரங்களில் எங்களிடம் மெதுவாக வந்து சொல்வார்: "அஞ்சு மணிக்கு முன் கேட்டில சைன் பண்ணிட்டுப் போங்க தம்பி. பின்னால வந்து லொறிய எடுங்க."

முன் கேட்டில் 'போன நேரம் 5.00' என்று எழுதிக் கையெழுத்து வைப்போம். றோட்டால் சுற்றிப் பின் பக்கம் வருவோம். சங்கிலி அவிழ்ந்திருக்கும். விடிந்ததும் லொறியைப் பின்னால் விட்டுவிட்டு நடந்து முன் கேட்டுக்குப் போய், அப்போதுதான் வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி 'வந்த நேரம் 6.00' என்று எழுதுவோம். முகம் கழுவிக்கொண்டுதான் போவோம். காவல்காரர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஒருமுறை ஏலாது என்று சொல்லிப் பார்த்தேன். சுப்பர்வைசர் கோபிக்கவில்லை. "சரி தம்பி, ரெஸ்ட் எடுங்க" என்றார். அதற்குப் பிறகு பதினொரு நாள் எனக்குச் சாவி கிடைக்கவில்லை. தினமும் ஆறு மணிக்கு வந்து கையெழுத்து வைத்துவிட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே ஐந்து மணி வரை இருந்தேன். மழைக்கு முந்திய அந்த வாரங்களில் கொப்பியில் நான் உண்மையாக எழுதிய நாட்கள் அவைதான். பன்னிரண்டாம் நாள் நானே போய், பின்னால் வருகிறேன் என்று சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து வெளியேறி வந்த எனக்கு ஏழு வயது. புத்தளத்து அகதி முகாமில்தான் வளர்ந்தேன். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் என்ன எழுதினால் வேலை நடக்கும் என்பது எங்கள் வீடுகளில் சிறுவயதிலேயே படிகிற பாடம். ஊர் அலுவலர் விதானை கேட்பதை எழுது, கேட்காததை எழுதாதே. ஆகவே கொப்பியில் 5.00 என்று எழுதும்போது பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கொப்பி கேட்பதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முந்திய நாள் காலை ஆறு மணியிலிருந்து நான் லொறியில்தான் இருந்தேன். சிலாபத்தில் இறக்கும்போது ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கிடந்த அரை மணித்தியாலங்களைக் கழித்தாலும், ஒரு நாளுக்கு மேலே ஆகியிருந்தது. வெறும் லொறியுடன் பத்துளு ஓயாவைத் தாண்டி முந்தல் பக்கம் வந்துகொண்டிருந்தேன். நித்திரை வந்தது என்று சொல்ல முடியாது. நித்திரை வருவது தெரிந்தால் நிறுத்தியிருப்பேன். றோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அந்தக் கோடு இல்லாமல் போனது. பலகை உடைகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அப்போதுதான் கண் மூடியிருந்தது தெரிந்தது.

சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போன ஒருவர். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். லொறியின் இடது முன்பக்கம் பெட்டியில் பட்டு, அவர் வேலியோரம் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தார். றோட்டெல்லாம் சூடை மீன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு ஓட்டோக்காரரும் நானும் அவரைத் தூக்கி ஏற்றினோம். "என்ட பெட்டி, பெட்டி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டோ சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனது. நான் அங்கேயே நின்றேன்.

பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார், இன்றைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய் என்று.

"ஆறு மணிக்கு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. கை எழுதிப் பழகியதை வாய் சொன்னது.

சுப்பர்வைசர் யார்டு வான் வண்டியில் வந்து சேர்ந்தார். கையில் கொப்பியும் இருந்தது. சார்ஜன்ட் அதைத் திருப்பிப் பார்த்தார். நேற்று ஐந்து மணிக்குப் போயிருக்கிறான், இன்றைக்கு ஆறு மணிக்கு வந்திருக்கிறான், பதின்மூன்று மணித்தியாலம் ஓய்வு. நித்திரைக் கலக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துக் கடையில் நின்ற ஒருவர், சைக்கிள் கொஞ்சம் உள்ளே வந்த மாதிரி இருந்தது என்றார். அவர் சத்தம் கேட்டுத்தான் திரும்பியவர், கண்ணைத் திறந்தபோது அதை நான் கண்டேன். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார்: சைக்கிள்காரர் திடீரென்று றோட்டுக்குள் திருப்பியிருக்கிறார்.

வானில் திரும்பும்போது சுப்பர்வைசர் ஒரு தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "ஆள் உயிரோட இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். உங்கட பக்கம் பிரச்சின இல்ல. பதின்மூண்டு மணித்தியாலம் ரெஸ்ட் எடுத்திருக்கீங்க. இனி நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்."

"கொப்பியில எடுத்திருக்கன் சேர்" என்றேன்.

"கொப்பியில இல்லாம வேற எங்க தம்பி?" என்றார்.

லொறியைப் பொலிஸில் வைத்திருந்ததால் எனக்கு ஐந்து நாள் வேலை இல்லை. வீட்டில் இருந்தேன். சட்டை கழற்றினால் ஒரு காயம் இல்லை, லைசன் என் கையில், வேலையும் போகவில்லை. ஆனாலும் படலையைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. பள்ளிவாசலுக்குக் கூடப் போகவில்லை. தெரிந்தவர்கள் வந்து, பிழை உங்கட பக்கம் இல்லையாமே, நல்ல காலம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு நான் தலையாட்டினேன். குற்றம் செய்தவனை அடைத்து வைத்தால் அவனுக்கு இத்தனை நாள் என்று ஒரு தவணை சொல்வார்கள். குற்றமில்லை என்று என்னை விட்டுவிட்டார்கள். எனக்குத் தவணை சொல்ல யாரும் இல்லை.

இரண்டாம் நாள் மனைவி கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"புதன்கிழம ராவு நீங்க இஞ்ச படுக்கல்ல. பொலிஸ் வந்து என்னட்டக் கேட்டா நான் என்ன சொல்ற?"

"வர மாட்டாங்க."

"வந்தா?"

சுப்பர்வைசர் அன்று காலை போனில் அதையும் சொல்லியிருந்தார்: தேவைப்பட்டால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

"கொப்பியில எழுதினது உங்கட கை" என்றாள். "அத என்ட வாயில வைக்காதீங்க. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

மடித்த துணிகளை அலுமாரியில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் நாங்கள் கதைக்கவில்லை. சண்டை இல்லை. கதைத்தால் அந்தக் கதைதான் வரும் என்று இருவருக்கும் பயம்.

நான்காம் நாள் பஸ் ஏறிச் சிலாபத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்க விடுகிற மத்தியான நேரம். இரண்டு செவ்விளநீரும் ஒரு பிஸ்கட் பக்கற்றும் வாங்கிக்கொண்டேன். அவர் கட்டிலில் காலை உயர்த்தி வைத்துக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, கழுத்தில் செபமாலை.

"லொறி ஓட்டினது நான்தான்" என்றேன்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையை என் பக்கம் தள்ளினார். "இரிங்க நானா" என்றார், முஸ்லிம் ஆண்களை மரியாதையாக அழைக்கிற சொல்லால். அது திட்டுவதை விட மோசமாக இருந்தது.

கட்டிலில் கிடந்தவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு கேட்டார்:

"தம்பி, நீங்க பாத்திருப்பீங்க. நான் றோட்டுக்குள்ள வந்தனா?"

நான் இளநீர்ப் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல" என்றார். "பொலிஸ் அப்பிடித்தான் எழுதியிருக்கு எண்டு மகன் சொல்றான். முப்பது வருசம் அந்த றோட்டால போறன். ஒருநாளும் கோட்டுக்கு உள்ள போனதில்ல. ஆனா இப்ப நினைச்சுப் பாத்தா, போயிருப்பனோ எண்டும் இருக்கு."

"எத்தின தரம் சொன்னன்" என்றார் மனைவி. "கண் தெரியல்ல, டொக்டரிட்டக் காட்டுங்க காட்டுங்க எண்டு. கேட்டாத்தானே. இனிச் சைக்கிளத் தொட விடமாட்டம் எண்டு பெடியள் ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. வித்துப்போட்டு வீட்டில இரிக்கட்டும்."

"கண் தெரியுது" என்றார் அவர்.

"தெரிஞ்சா ஏன் லொறிக்கு முன்னால போனீங்க?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் இளநீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சிலாபம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு புத்தளம் பஸ்களை விட்டுவிட்டு இருந்தேன். அவருடைய காலை நான் முறித்தேன், அது தெரியும். ஆனால் அந்தக் கொப்பி அவருடைய கண்ணையும் எடுத்திருந்தது. தன் கண்ணையே நம்ப முடியாமல் அவர் கட்டிலில் கிடந்தார். நான் எழுதிய இரண்டு நேரம் அங்கே வரை போயிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "சொன்னா என்ன நடக்கும்?" என்றாள்.

"லைசன் போகும். கொப்பியில பொய் எழுதினதுக்கும் கேஸ் வரலாம். யார்ட்டில இனி எடுக்க மாட்டாங்க."

"சொல்லாட்டி?"

"ஒண்டும் நடக்காது."

"இப்பிடியே இருப்பீங்க" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

அடுத்த நாளும் மத்தியானம் போனேன். இருவரும் இருந்தார்கள். இந்த முறை உட்காரவில்லை.

"அண்ண, நான் கண்ண மூடிட்டன். முதல் நாள் காலைல இருந்து லொறியிலதான். நித்திர கொள்ளல்ல. நீங்க கோட்டுக்கு வெளியாலதான் போனீங்க. நான்தான் வெளியால வந்து உங்கள இடிச்சன்."

அவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் இன்னொரு முறை, "கேட்டியா நீ?" என்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது. முந்திய நாள் என்னை நீங்கள் என்று கதைத்தவர் நீ என்றார்.

"அப்ப அண்டைக்கு ஏன் பொலிஸுக்குச் சொல்லல்ல? நேத்து வந்து இஞ்ச இருந்தியே, அப்பயாவது ஏன் சொல்லல்ல?"

"பயத்தில."

"என்னட்டச் சொன்னாப் போதாது. எழுதினவங்களிட்டப் போய்ச் சொல்லு. போ."

அங்கிருந்து நேராகப் பொலிஸுக்குப் போனேன். அதே சார்ஜன்ட். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். கொப்பி ஒன்று சொல்கிறது, நீ இன்னொன்று சொல்கிறாய், இரண்டும் உன்னுடையதுதான், நான் எதை எழுத என்றார். சுப்பர்வைசரை அழைத்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: கொப்பி சரி. இவர் ஐந்து மணிக்கு வெளியே போனார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லாமல் லொறியை எடுத்திருந்தால் எங்களுக்குத் தெரியாது.

அந்த இடத்தில்தான் நான் உண்மையாகவே மாட்டிக்கொண்டேன் என்று விளங்கியது. பொய்யாக இருந்தவரை எனக்குக் காகிதம் இருந்தது. உண்மைக்கு ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. உண்மையைச் சொன்னதால் நான் லொறித் திருடனாகவும் ஆகிவிட்டேன். பின் கேட்டில் கொப்பி இல்லை என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது தெரிந்தது.

அன்றைக்கு என்னை வீட்டுக்கு விட்டார்கள், மறுநாள் வரச் சொல்லி. மனைவியிடம் சொன்னபோது அவள்தான் கேட்டாள், "சிலாபத்தில உப்பத் தராசில நிறுப்பாங்கதானே? நிறுக்காமலா இறக்குவாங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஸ்டோரில் லொறியைத் தராசில் ஏற்றி எடை பார்த்து ஒரு காகிதத் துண்டு தருவார்கள். அதில் லொறி நம்பரும் நேரமும் அடித்திருக்கும், கீழே டிரைவரின் கையெழுத்து இருக்கும். நாங்கள் அதை யார்டில் கொடுத்துவிடுவோம். ஆனால் மறுபிரதி ஸ்டோரிலேயே இருக்கும்.

மறுநாள் அதைச் சொன்னதும், சார்ஜன்ட் சலித்துக்கொண்டேதான் ஸ்டோருக்கு ஆளை அனுப்பினார். அன்று பின்னேரமே துண்டுகள் வந்தன. புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கும் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கும் இடையே மூன்று துண்டு. மூன்றிலும் என் கையெழுத்து. கொப்பியில் நான் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரங்களில், பதின்மூன்று மணித்தியாலத்துக்குள், நான் சிலாபத்தில் மூன்று லொறி உப்பு இறக்கியிருந்தேன். யாருக்கும் சொல்லாமல் திருடிய லொறியில் ஒருவன் யார்டின் உப்பையே மூன்று தரம் ஏற்றிக்கொண்டு போய் ஒழுங்காக இறக்கிக் கையெழுத்தும் வைத்துவிட்டு வருவானா என்று சார்ஜன்ட் சுப்பர்வைசரிடம் கேட்டார். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

வழக்கு நடந்தது. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டப்பணம் கட்டினேன், ஆறு மாதம் லைசன் நிறுத்தப்பட்டது. சைக்கிள்காரர் திருப்பினார் என்ற வரி வழக்கிலிருந்து எடுபட்டது. யார்டில் பின் கேட்டிலும் ஒரு மேசையும் கொப்பியும் வந்தன. சுப்பர்வைசரை வேறு யார்டுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு ஜும்ஆவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழுதோம். ஸலாம் சொன்னார், நானும் சொன்னேன், அதற்கு மேல் கதைக்கவில்லை. கூட ஓட்டியவர்களில் சிலர் என்னுடன் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இனி ஐந்து மணிக்கு மேல் ஓட வேண்டாமே என்று சந்தோசப்பட்டவர்கள்கூட அதை என்னிடம் வந்து சொல்லவில்லை.

அந்த ஆறு மாதமும் பள்ளிவாசல்துறையில் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டுகிற வேலை செய்தேன். லைசன் திரும்பி வந்தும் அந்த றோட்டில் எந்த யார்டும் எனக்குச் சாவி தரவில்லை. "ஆள் நல்ல ஆள்தான்" என்பார்கள். அந்த 'தான்' போதும், நான் எழுந்து வந்துவிடுவேன். இப்போது தண்ணீர் ஏற்றிச் செல்லும் பவுசர் லொறி ஒன்று ஓட்டுகிறேன், சொந்தக்காரர் ஒருவருடையது. நாளுக்கு நாலைந்து மணித்தியாலம்தான். இன்றைக்கும் நேரான றோட்டில் வெள்ளைக் கோட்டைக் கன நேரம் பார்த்தால் கழுத்து விறைத்துவிடும். நிறுத்தி, இறங்கி நின்றுவிட்டுத்தான் போவேன்.

ஐஸ் வேலையில் இருந்தபோது ஒருநாள் அந்தச் சைக்கிள்காரர் எனக்குப் போன் பண்ணினார். வழக்கில் என் நம்பரை வாங்கியிருந்திருக்கிறார். சுகம் கேட்கவில்லை.

"பெடியள் சைக்கிள் தாறாங்க இல்ல" என்றார். "தாய் சொன்னாலும் நம்புறாங்க இல்ல. வழக்குக்காகச் சொன்ன கதை எண்டு நினைக்கிறாங்க. நீ வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். முந்தலுக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில் சின்ன வீடு. தேவாலயப் பூசை முடிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். மகன்மார் இரண்டு பேரும் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். எழும்பவில்லை, கதிரை தரவில்லை. தரத் தேவையும் இல்லை. அவர் கால் நீட்டிக் கதிரையில் இருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல்.

"சொல்லு" என்றார்.

முற்றத்தில் நின்றுகொண்டு மூன்றாவது தடவை சொன்னேன். எத்தனை மணியிலிருந்து லொறியில் இருந்தேன், எந்த இடத்தில் கண் மூடியது, கோட்டுக்கு வெளியே அவர் எவ்வளவு தூரத்தில் போனார் என்று. மூத்த மகன் கேட்டான், "உங்களுக்கு எப்பிடித் தெரியும், கண்தானே மூடியிருந்தது?"

"சைக்கிள் சில்லுத் தடம் மணலில இருந்தது. நான் பாத்தன். பொலிஸ் வாறத்துக்கு முதல் ஆக்கள் மிதிச்சிட்டாங்க."

அதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பொலிஸிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. மகன் ஊசியைக் கீழே வைத்தான். தகப்பனைப் பார்த்தான். எழும்பி வீட்டின் பின்பக்கம் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். முன் சில்லு புதிது.

அவர் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்தார். மகன் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டார். கஷ்டப்பட்டுத்தான் ஏறினார். முற்றத்திலிருந்து ஒழுங்கை வரை ஆடி ஆடிப் போனார். ஒழுங்கையில் திரும்பி, பெரிய றோட்டுப் பக்கம் போகாமல், கடல் பக்கம் போனார். மனைவி வாசலில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்வரை நான் நின்றேன். வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"இன்னும் நிக்கிறியா?" என்றார். "ரெண்டரைக்கு பஸ் இருக்கு. போ."